பழைய ஹொண்டா எஞ்சினை வெளியே கொடுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

வீட்டிலேயே பழைய பைக்கைப் பிரித்துத் திருத்துகிற எல்லாரும் ஒரு கட்டத்தில் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். போர் அடிக்க, அதாவது தேய்ந்த சிலிண்டரின் உள்சுவரை அறுத்துச் சீராகப் பெரிதாக்க, மெஷின் வேண்டும். டேங்குக்கு பெயின்ட் அடிக்க கம்பிரசரும் தூசி இல்லாத அறையும் வேண்டும். லயத்து வாசலில் வைத்து அதெல்லாம் ஆகாது. எனக்கு அடி விழுந்தது அந்த இடத்தில்தான். போன பணத்தை எப்படியாவது சம்பாதித்துக்கொள்ளலாம். கூடவே போன ஜப்பான் சாமானுக்கு எங்கே போவது?

கராஜின் பெயரையோ ஊரையோ எழுதவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது அதன் வழியில் நடக்கட்டும். செய்த வேலை எப்படிப்பட்டது என்பதை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். இதே வேலையை வேறு யாரும் உங்களுக்கும் செய்யலாம்.

பைக் ஹொண்டா சிஜி 125. மஸ்கெலியாப் பக்கத் தோட்டமொன்றில் டிஸ்பென்சராக, அதாவது மருந்து கொடுப்பவராக, இருந்த பெரியப்பா ஓடியது. ராத்திரி யாருக்காவது சுகமில்லை என்றால் மழை, பனி பார்க்காமல் மேல் டிவிஷனுக்கு ஏறிய பைக். 1976இல் வந்த அந்த மாடலை இலங்கை மலைநாட்டில் இன்றும் விரும்புகிறார்கள் என்றால் காரணம் இருக்கிறது. 56.5 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 49.5 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), வால்வைத் தண்டால் தள்ளித் திறக்கிற புஷ்ரொட் எஞ்சின். டைமிங் செயின் கிடையாது, தளர்ந்து சத்தம் போடவும் வழியில்லை. சின்ன கியரில் பொறுமையாக ஏறும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு இந்தப் பழைய பைக்குகளின் விலை எங்கேயோ போய்விட்டது. கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் தகரம் போட்டு மூடிக்கிடந்ததெல்லாம் வெளியே வந்தது. கூடவே, நல்ல ஒரிஜினல் சாமானுக்குக் கண் வைக்கிறவர்களும் வந்தார்கள்.

செஸி (பைக்கின் இரும்புச் சட்டம்) சுரண்டுவது, வயரிங், வீல் பெயாரிங், ஸ்போக் எல்லாம் நானும் தம்பியும் வீட்டிலேயே செய்தோம். சீட்டைத் தட்டையாக்கி, ஹேண்டிலை அகலமாக மாற்றி, கொஞ்சம் ஸ்கிராம்ப்ளர் மாதிரி கொண்டுவர ஆசை. அந்த கராஜ் முதலாளி அதைக் கேட்டதும், “பின்னாடி செஸிய வெட்டி எடுத்தா இன்னும் ஷோக்கா இருக்கும் தம்பி” என்றார். அப்போதே மறுத்துவிட்டேன். நீங்களும் மறுத்துவிடுங்கள். செஸி நம்பரும் எஞ்சின் நம்பரும் பதிவுச் சான்றிதழில் இருக்கிற வண்டி அது. செஸியில் கை வைத்தால் பலமும் போகும், பிறகு பொலிசுக்கும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கும் பதில் சொல்ல வேண்டியது நாம்தான்.

பேசிய வேலை இது: சிலிண்டரை 0.50 மி.மீ. ஓவர்சைசுக்கு (கம்பனி அளவைவிட அவ்வளவு பெரிதாக) போர் அடித்து புது பிஸ்டனும் ரிங்சும் போடுவது, வால்வு கிரைண்ட் பண்ணி சீல் மாற்றுவது, கார்பரேட்டர் கழுவுவது, டேங்கின் துருவை எடுத்து ஓட்டையை ஒட்டி பெயின்ட் அடிப்பது. மொத்தம் 62,000 ரூபா. பாதியை முற்பணமாகக் கட்டினேன். “எல்லாத்தையும் நாங்களே பார்த்துத் தர்றோம், நீங்க ஒண்ணுக்கும் அலைய வேணாம்” என்றார். எஞ்சினை மூட்டித் தருவதும் அந்தக் கணக்கில்தான். நான் கொண்டுவந்து செஸியில் ஏற்றினால் போதும்.

ஏற்றி ஸ்டார்ட் பண்ணினால் சத்தம் நன்றாகத்தான் இருந்தது. கொட்டகலை தாண்டித் தலவாக்கலை நோக்கி ஏறும்போது கண்ணாடியில் பார்க்கிறேன், பின்னால் நீலப் புகை. போன் எடுத்தால், “ரன்னிங் இன் தம்பி, ரிங்ஸ் செட் ஆக வேணும். மெதுவா ஓடுங்க, சரியாகும்.” இதில் பாதி உண்மை என்பதால் நம்ப வைக்கிறது. புது ரிங் படியும்வரை ஆரம்பத்தில் கொஞ்சம் புகைக்கும். ஆனால் ஓட ஓட அது குறைய வேண்டும். என்னுடையது கூடிக்கொண்டே போனது. ஒயிலும் இறங்கியது.

நம்முடைய ரோட்டிலேயே இதற்கு ஒரு பரிசோதனை இருக்கிறது. ரம்பொடை மாதிரி நீண்ட இறக்கத்தில் திரொட்டிலை முழுசாக மூடி இறங்குங்கள். கீழே வந்து திரும்பத் திறக்கும்போது மட்டும் ஒரு பந்து புகை வந்தால் வால்வு கைடிலோ (வால்வின் தண்டு ஓடுகிற குழாய்) சீலிலோ கோளாறு, ஒயில் அந்த வழியாக உறிஞ்சப்படுகிறது. ஏற்றத்தில், பின்னால் ஆள் இருக்க, இழுக்க இழுக்கப் புகை வந்தால் ரிங்கையும் போரையும் சந்தேகப்படுங்கள். என் வண்டி இரண்டாவது வகை. புதிதாக போர் அடித்த எஞ்சின் இப்படிப் புகைக்கலாமா?

கழற்றினேன். ஹெட்டையும் சிலிண்டரையும் எடுத்துவிட்டு, சிலிண்டரின் உள்பக்கம் மேல் விளிம்பில் நகத்தை வைத்து இழுத்தேன். தட்டியது. ரிங் போய் நிற்கிற இடத்துக்கு மேலே தேயாத பகுதி ஒரு படியாக நிற்பது நகத்தில் தெளிவாகத் தெரிந்தது. போர் அடித்த சிலிண்டரில் அந்தப் படி இருக்க முடியாது, அதை அறுத்து எடுக்கத்தானே போர் அடிப்பது. மினுமினுப்புக்காக எமரித் தாள் போட்டுத் தேய்த்திருந்தார்கள், அவ்வளவுதான். பிறகு பிஸ்டன். தலையில் ஏறியிருந்த கரியைப் பெற்றோல் துணியால் துடைத்தபோது, உலோகத்தில் குத்தியிருந்த இலக்கம் மெல்ல வெளியே வந்தது: 0.25. பெரியப்பா காலத்தில் ஒருமுறை போர் அடித்த அளவு. ஓரத்தில் பிறை மாதிரி ஒரு சின்னக் காயம். கொடுப்பதற்கு முன் நான் எடுத்த போட்டோவிலும் அதே காயம், அதே இடத்தில். அவர்கள் எழுதிக் கொடுத்த துண்டில் “பிஸ்டன் 0.50 புதுசு” என்று இருக்கிறது. பழைய பிஸ்டனுக்குப் புது ரிங் மாட்டி, தேய்ந்த போரிலேயே இறக்கியிருக்கிறார்கள்.

கார்பரேட்டர்தான் என்னை அதிகம் எரிச்சல்படுத்துகிறது. நான் கொடுத்தது கெய்ஹின் என்ற ஜப்பான் கம்பனியின் ஒரிஜினல். திரும்பி வந்தது பளபளவென்று இருந்ததால் நன்றாகக் கழுவியிருக்கிறார்கள் என்று அம்மாவே பாராட்டினார். கையில் எடுத்துப் பார்த்தால் கெய்ஹின் என்ற எழுத்து எங்கேயும் இல்லை, வார்ப்பு சொரசொரப்பாக, ஜெட்டின் பள்ளம் கோணலாக இருக்கிறது. சிஜி எஞ்சினைச் சீனக் கம்பனிகள் பல அப்படியே பிரதி செய்து விற்கின்றன. அதனால் அந்தப் பிரதிக்கான கார்பரேட்டர் நம் ஹொண்டாவில் ஒரு போல்ட் மாற்றாமல் உட்கார்ந்துவிடும். மாற்றியவன் சொல்லாவிட்டால் பார்க்கிறவனுக்குத் தெரியாது. கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கிற பஞ்சிகாவத்தைக்குப் போய் நல்ல பழைய கெய்ஹின் ஒன்று கேட்டுப் பாருங்கள், ஏன் மாற்றினார்கள் என்பது விலையிலேயே விளங்கிவிடும்.

டேங்க் இன்னொரு கதை. கறுப்பு பெயின்ட், தங்கக் கோடு, பார்க்க அழகுதான். ஓட்டை இருந்த அடிப்பக்கத்தில் சில வாரத்திலேயே பெயின்ட் கொப்புளித்தது. பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி டேங்க் மேலே நகர்த்தினேன். மற்ற இடமெல்லாம் பிடித்த காந்தம் அங்கே மட்டும் வழுக்கி விழுந்தது. இரும்பை வெட்டித் தகடு வைத்து ஒட்டாமல், ஓட்டை மேலேயே பட்டி (பள்ளத்தை நிரப்பப் பூசுகிற பசை) தடவிப் பூசியிருக்கிறார்கள். பெற்றோலுக்கு முன்னால் பட்டி எத்தனை நாள் நிற்கும்? சூடான எஞ்சினுக்கு நேர் மேலே கசிகிற டேங்க் அது. இதைச் சின்ன விஷயம் என்று யாரும் சொல்லக் கூடாது.

எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போய்க் கேட்டேன். முதலில் பையன் செய்த பிழை என்றார். பிறகு, “பழைய வண்டிதானே தம்பி, இதுக்கு மேல என்ன எதிர்பார்க்கிறீங்க?” என்றார். “சரி பாஸ், என் பழைய கார்பரேட்டரையாவது குடுங்க” என்றதற்கு, பழைய இரும்புக்காரனுக்குப் போட்டாச்சு என்று பதில். போட்டோவைக் காட்டியதும்தான் குரல் மாறியது. கடைசியில் 15,000 ரூபா திருப்பித் தந்தார். அதற்கு மேல் பேச்சில்லை.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்தேன். பொருள் வாங்கினால் மட்டும்தான் அங்கே போகலாம் என்று நம் ஆட்களில் பலர் நினைக்கிறார்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் சேவைகளுக்கும் பொருந்தும். வேலையை உரிய கவனத்துடனும் திறமையுடனும் செய்து தருவது அதில் உள்ள கடப்பாடு. கேட்டால் ரசீது கொடுக்க வேண்டியதும் வியாபாரியின் கடமை. முறைப்பாட்டை 3 மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், இதை மறக்காதீர்கள். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் விசாரிக்கலாம்.

கொடுக்கும்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். எஞ்சினை முழுசாகக் கொடுக்காதீர்கள். போர் அடிக்க சிலிண்டரும் புது பிஸ்டனும் போதும். பிஸ்டனை நீங்களே வாங்கி, தலையில் குத்தியிருக்கிற அளவைப் பார்த்து, கையோடு கொடுங்கள். அந்த பிஸ்டனை அளந்துதான் போரின் அளவை எடுக்க வேண்டும். திரும்பி வந்ததும் ஒரு ரிங்கை மட்டும் போருக்குள் நேராக இறக்கி, அதன் இரண்டு முனைக்கும் நடுவே உள்ள வாய் இடைவெளியை பீலர் கேஜால் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடுகள்) பாருங்கள். கார்பரேட்டர் கழுவுவதற்கு ஏன் கராஜ்? ஒரு டின் கிளீனரும் பழைய டூத் பிரஷும் இருந்தால் அடுப்படி மேசையிலேயே முடியும். கொடுக்கிற ஒவ்வொரு சாமானிலும் வெளியே தெரியாத இடத்தில் அடையாளம் போட்டு, இலக்கம் தெரிய போட்டோ எடுங்கள். கழற்றிய பழைய சாமான் எல்லாம் திரும்ப வேண்டும் என்று துண்டிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுத முகம் சுளிக்கிற இடத்தில் வேலை கொடுக்க வேண்டாம். டேங்கை ஒட்டியதும், பெயின்ட் அடிப்பதற்கு முன் வெறும் இரும்பாகவே ஒருமுறை போய்ப் பாருங்கள். ஹட்டன் பக்கம் மழைக் காலத்தில் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் அடிக்கவே விடாதீர்கள், ஈரம் பிடித்து வெள்ளை பூத்துவிடும்.

கண்டியில் ஒரு வயதான மெக்கானிக் பாஸ் என் கண் முன்னாலேயே மறுபடி போர் அடித்துத் தந்தார். அறுபட்டு விழுந்த தூளையும் காட்டினார். இப்போது ஏற்றத்தில் புகை இல்லை. பிரதிக் கார்பரேட்டரில்தான் ஓடுகிறது, ஐட்லிங் நிற்பதில்லை.

என் கெய்ஹினில் அடையாளம் உண்டு. மிதவைக் கிண்ணத்தின் அடியில், வடிகால் ஸ்குரூவுக்குப் பக்கத்தில், அரத்தால் போட்ட இரண்டு சின்னக் கோடு. சோக் நெம்புகோலின் நுனி உடைந்து பித்தளையால் ஒட்டியிருக்கும். பஞ்சிகாவத்தையிலோ, கம்பளையிலோ, யாராவது விற்கிற பைக்கிலோ கண்டால் ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். உரிய விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.