ஆட்டுத் தீவனத்தில் கலக்கும் சேர்க்கைகள்: பல வருடம் கொடுத்துப் பார்த்ததில் எது தேறியது

பொடி, எண்ணெய், ஈஸ்ட், டானின் என்ற துவர்ப்புச் சத்து உள்ள தழை என்று ஆட்டுத் தீவனத்தில் மாற்றி மாற்றிக் கலந்து பார்த்தாகிவிட்டது. பாக்கெட்டில் எப்போதும் இரண்டு விஷயம் போட்டிருப்பார்கள்: குட்டி சீக்கிரம் எடை ஏறும், மீத்தேன் குறையும். முதலாவதைத் தராசில் பார்த்துவிடலாம். இரண்டாவதைப் பார்க்க ஆட்டை மூடிய அறையில் நிறுத்திக் காற்றை அளக்க வேண்டும், கொட்டிலில் அது நடக்காது. அதனால் இங்கே மீத்தேன் பற்றி வருவதெல்லாம் ஆராய்ச்சியில் தெளிவான விஷயம், எடை பற்றி வருவது மட்டும் என் நோட்டில் இருப்பது.

மீத்தேன் பின்பக்கமாக வருகிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பெரும்பகுதி ஏப்பமாக வாய் வழியே வருகிறது. முதல் வயிற்றில் நார் நொதிக்கும்போது ஹைட்ரஜன் உண்டாகும், அதையும் கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்து அங்கேயே வாழும் ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்கள் மீத்தேனாக்கிவிடும். தின்ற தீவனத்தின் ஆற்றலில் 2 முதல் 12 சதவீதம் வரை இப்படியே போய்விடுகிறது. விற்பவர்கள் பிடித்துக்கொள்வது இந்தக் கணக்கைத்தான்: மீத்தேனை நிறுத்தினால் அந்த ஆற்றல் கறியாகிவிடுமாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மீத்தேன் நன்றாகக் குறைந்த சோதனைகளில்கூட எடை அதே அளவுக்கு ஏறுவதில்லை. இதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் ஏமாற்றம் குறையும்.

சோதிப்பது எப்படி என்றால், ஒரே பருவத்தில் பிறந்த குட்டிகளை இரண்டு கூட்டமாகப் பிரிக்க வேண்டும், இரட்டைக் குட்டி என்றால் ஆளுக்கொரு பக்கம். குடற்புழு நீக்கம் இரண்டு பக்கமும் ஒரே நாளில். எடை போடுவது காலையில் தீவனம் வைப்பதற்கு முன்னால். வயிறு நிறைய தின்று தண்ணீரும் குடித்த குட்டியை நிறுத்தினால் தராசு பொய் சொல்லும்.

எனக்கு மிகவும் பிடித்தது டானின். டானின் உள்ள தழையும் காயும் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு அது முதல் வயிற்றிலேயே சிதையாமல் காக்கும், அந்தப் புரதம் குடலுக்குப் போய்ச் சேரும், கூடவே மீத்தேனும் குறையும். மொத்த உலர் தீவனத்தில் டானின் 2 முதல் 4 சதவீதம் வரை இருந்தால் நல்லது, அதற்கு மேல் ஏற ஏற ஆடு தீவனத்தை முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். வெள்ளாடு செம்மறியைவிட நன்றாகத் தாங்கும், தானாகவே தழை தேடி மேய்கிற இனம் அல்லவா. என் குட்டிகளிடம் எடையைவிட முதலில் தெரிந்தது புழுக்கை. இளகலாகப் போய்க்கொண்டிருந்தவை தனித்தனி மணியாகப் போட ஆரம்பித்தன, வாலடி சுத்தமாகக் காய்ந்திருந்தது. அளவு கூடினால் அதே புழுக்கை சிறுத்து, கறுத்து, கல் மாதிரி ஆகிவிடும். அப்போது குறைத்துவிட வேண்டும்.

சூபாபுல் தழையிலும் டானின் இருக்கிறது, புரதமும் நிறைய. சிக்கல் அதில் இருக்கும் மைமோசின் என்ற நச்சுப் பொருள். பழக்கமில்லாத ஆட்டுக்கு அதையே நிறையப் போட்டால் முடி கொட்டும், தைராய்டு வீங்கும். இதன் பின்னால் அருமையான கதை உண்டு: ஹவாயில் இதே தழையைத் தின்ற ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர் கவனித்தார், 1980களில் அந்த ஆடுகளின் வயிற்று நுண்ணுயிர்களை ஆஸ்திரேலியக் கால்நடைகளுக்கு மாற்றியதும் அவையும் தாங்கத் தொடங்கின. வயிற்றில் மைமோசினிலிருந்து உண்டாகும் நஞ்சைச் சிதைக்கும் பாக்டீரியாவுக்கு அவர் பெயரையே வைத்து சினர்ஜிஸ்டஸ் ஜோன்சி என்கிறார்கள். நான் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இதைப் போடுவதில்லை.

ஈஸ்ட் பற்றிச் சுருக்கமாக: பால் மறந்து அடர் தீவனத்துக்கு மாறும் குட்டிகளிடம் கழிச்சலும் உப்புசமும் குறைந்தது போலத்தான் இருந்தது. நன்றாக மேய்ந்துகொண்டிருக்கும் பெரிய ஆட்டுக்குக் கொடுத்ததில் தராசு அசையவில்லை. எண்ணெய் மீத்தேனைக் குறைக்கும் என்பது உண்மைதான், ஆனால் மொத்தத் தீவனத்தில் கொழுப்பு 6 சதவீதத்தைத் தாண்டினால் நார் செரிப்பது கெட்டுவிடும். பிசுபிசுவென்று ஒட்டிய தொட்டியைக் கழுவுவது வேறு தனி வேலை. விட்டுவிட்டேன்.

இப்போது எல்லோரும் பேசும் 3-என்ஓபி என்ற செயற்கைச் சேர்க்கை, மீத்தேன் உருவாகும் கடைசிப் படியில் வேலை செய்யும் நொதியையே அடைத்துவிடுகிறது. கறவை மாடுகளில் சுமார் 30 சதவீதம் குறைக்கும், ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் அனுமதி கொடுத்தது. ஆனால் அது வயிற்றில் சீக்கிரம் சிதைந்துவிடும், அதனால் தின்னும் ஒவ்வொரு வாயிலும் கலந்திருக்க வேண்டும். பகல் முழுக்க மேய்ந்துவிட்டு மாலையில் ஒரு கை அடர் தீவனம் தின்னும் ஆட்டுக்கு இது ஒத்துவராது. சிவப்புக் கடற்பாசியில் இருக்கும் புரோமோஃபார்ம் என்ற பொருளும் மீத்தேனை நன்றாகவே அடக்குகிறது, ஆனால் கொடுக்கும் முறையில் அதே தொல்லைதான்.

தீவனத்தில் கலக்கும் மோனென்சின் என்ற மருந்தின் பக்கம் நான் போகவில்லை. பக்கத்தில் குதிரை இருந்தால் கொஞ்சம் சிந்தினாலும் அதற்கு உயிராபத்து, சில நாடுகளில் வளர்ச்சிக்காகக் கொடுப்பதற்குத் தடையும் உண்டு.

உண்மையில் எடையை நகர்த்தியது என்ன என்று கேட்டால், தாது உப்புக் கலவை, போதுமான புரதம், புழு நீக்கம். சப்பென்றுதான் இருக்கும், ஆனால் நோட்டு அதைத்தான் காட்டுகிறது. தானியம் அதிகம் தின்னும் கிடாக்குட்டிகளுக்குச் சுண்ணாம்புச் சத்து பாஸ்பரஸைவிட இரண்டு மடங்கு இருக்கும்படி பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் சிறுநீர்க் குழாயில் கல் அடைக்கும். முக்கி முக்கி நின்று சொட்டுச் சொட்டாகப் போகும் கிடாவைப் பார்த்தால் அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

மீத்தேனுக்கும் இதுவே பெரிய வழி. குட்டி விற்பனை எடையை ஒரு மாதம் முன்னால் தொட்டால் அந்த ஒரு மாத ஏப்பமும் மிச்சம், கிலோ கறிக்கு எவ்வளவு மீத்தேன் என்று பார்த்தால் அங்கேதான் நன்றாகக் குறைகிறது. எந்தப் பொடியும் இல்லாமலே கிடைப்பது இது.

இப்போது என் தொட்டியில் தாது உப்பு எப்போதும் உண்டு, டானின் தழை வாரத்தில் பாதி நாள், ஈஸ்ட் குட்டிகள் தீவனம் மாறும் சமயத்தில் மட்டும். புதிதாக எதையாவது வாங்குவதென்றால் பாக்கெட்டில் கிலோ தீவனத்துக்கு எத்தனை கிராம், எந்தக் கால்நடைக்கு, கறிக்கு வெட்டுவதற்கு எத்தனை நாள் முன்னால் நிறுத்த வேண்டும் என்று பார்க்கிறேன். இந்த மூன்றும் எழுதாமல் மாட்டின் படத்தை மட்டும் போட்டிருந்தால் அந்தப் பாக்கெட்டை எடுப்பதில்லை.