கம்போசர் 2: நினைவக வரம்புப் பிழை எந்த அளவுக்குத் தீர்ந்திருக்கிறது?

இணையதளங்களை உருவாக்கப் பயன்படும் பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதப்படும் திட்டங்களுக்குத் தேவையான நிரல்தொகுப்புகளை இறக்கி நிறுவும் கம்போசர், அதன் முதல் பதிப்பில், தொகுப்புகளைப் புதிய பதிப்புகளுக்கு மாற்றும் ‘அப்டேட்’ கட்டளையின் நடுவே 1610612736 பைட் நினைவகமும் தீர்ந்துவிட்டதாக அறிவித்து நின்றுபோவதற்குப் பெயர்பெற்றிருந்தது. ஒரு நிரல் எடுத்துக்கொள்ளக்கூடிய நினைவகத்துக்குப் பிஎச்பியின் இயல்பான வரம்பு 128 எம்பிதான்; அது போதாது என்பதால் கம்போசர் தனக்கான வரம்பைத் தானே ஒன்றரை ஜிபிக்கு உயர்த்திக்கொள்கிறது. பெரிய திட்டங்களில் அதுவும் போதாமல் போனதையே மேற்கண்ட எண் காட்டியது.

2020 அக்டோபரில் வெளிவந்த இரண்டாம் பதிப்பு வரம்பை உயர்த்தாமல் தேவையைக் குறைத்தது. திட்டத்தின் நிபந்தனைகளுக்கு ஒவ்வாத பதிப்புகளின் விவரங்களை, எந்தெந்தப் பதிப்புகள் ஒன்றோடொன்று பொருந்தும் என்ற கணக்கீடு தொடங்கும் முன்பே கழித்துவிடுவதால், பழைய பதிப்பு திணறிய திட்டங்கள் பலவற்றை இது மிகக் குறைந்த நினைவகத்தில் முடித்துவிடுகிறது. இன்னும் முதல் பதிப்பிலேயே இருப்பவர்கள் வேறெந்த வைத்தியமும் தேடாமல் முதலில் இதற்கு மாறிவிடலாம்.

பிழை வந்தால், அதைக் கையாளும் முறையை விளக்கும் ஆவணப் பக்கத்தின் முகவரியையும் கருவியே திரையில் காட்டுகிறது. இது பாராட்டத்தக்க பண்பு. ஆனால் அந்த ஆவணம் பிஎச்பியின் அமைப்புக் கோப்பிலேயே வரம்பை ‘-1’ ஆக்கச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ‘-1’ என்றால் வரம்பே இல்லை என்று பொருள். அதன்பின் அதே சர்வரில் கட்டளைவரியில் ஓடும் மற்ற பிஎச்பி நிரல்களுக்கும் கடிவாளம் இருக்காது. அவற்றுள் ஒன்று நினைவகத்தைக் கசியவிட்டால், எந்த வரியில் நினைவகம் தீர்ந்தது என்று சொல்லும் பிஎச்பியின் பிழைச்செய்திக்குப் பதிலாக, இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கெர்னல் அதைக் கொன்றுபோட்ட ‘கில்டு’ என்ற ஒற்றைச் சொல்தான் மிஞ்சும். கம்போசருக்கென்றே உள்ள சூழல் மாறி (நிரலுக்கு வெளியிலிருந்து தரும் அமைப்பு மதிப்பு) வழியாக அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் இரண்டு ஜிபி என்று வரம்பு கொடுப்பதே முறை; அந்த மாறியையும் இந்த ஆவணம் சொல்கிறது, ஆனால் பின்னால் தள்ளிவிட்டது.

ஒரு ஜிபி ரேம் மட்டுமே உள்ள சர்வர்களில் இரண்டாம் பதிப்பும் சில வேளைகளில் திணறலாம். அங்கே ‘அப்டேட்’ ஓட்டவே வேண்டியதில்லை. சொந்தக் கணினியில் அதை முடித்து, தேர்ந்தெடுத்த பதிப்புகளைப் பதிந்துவைக்கும் லாக் கோப்பை அனுப்பி, சர்வரில் ‘இன்ஸ்டால்’ மட்டும் செய்தால், பதிப்புகளைப் புதிதாகத் தேர்ந்தெடுக்கும் பாரமான வேலை அங்கு நடப்பதில்லை.