‘புரோக்கர் கமிஷன் கிடையாது’ என்ற விளம்பரத்தில் போன மூன்று மாத வாடகை

எரிச்சலில் எழுதுகிறேன், கோர்வையாக வராது, பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்று மாத வாடகை போய்விட்டது. இரண்டு மாதம் அட்வான்ஸ், ஒரு மாதம் முன்வாடகை. புரோக்கர் கேட்டதோ ஒரே ஒரு மாத வாடகைதான்.

தளத்தின் பெயரைப் போடவில்லை. போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று மச்சான் பயமுறுத்துகிறான். நடுவில் ஆள் இல்லாமல் ஓனரையும் வீடு தேடுகிறவரையும் நேரடியாகச் சேர்த்துவைக்கிறோம் என்று சொல்லும் தளங்களில் ஒன்று, அவ்வளவு தெரிந்தால் போதும். பாதுகாப்பாக வீடு தேடுவது எப்படி என்று கடைசியில் விரிவாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைக் கொட்டிவிடுகிறேன்.

நாங்கள் வீடு பார்த்த பகுதியே இப்போது தலைகீழாக மாறிக்கொண்டிருக்கிறது. அச்சகங்களும் லேத் பட்டறைகளும் இருந்த தெரு அது. ரயில் நிலையம் வரப்போகிறது என்றதும் பட்டறைகள் மூடி, காபிக் கடையும் ஜிம்மும் முளைத்துவிட்டன. காலங்காலமாகக் குடியிருந்தவர்கள் வாடகை ஏற ஏறக் காலி செய்துகொண்டு போகிறார்கள். கட்டடங்கள் கைமாறுகின்றன. பாதி வீடுகளை வாரக் கணக்கில் பயணிகளுக்கு விடுகிறார்கள். கீழே தபால் பெட்டிகளைப் பார்த்தால் பழைய பெயர்களைச் சுரண்டிய தடம் இருக்கிறது, புதுப் பெயர் ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டில் யார் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஏமாற்றுகிறவனுக்கு இதைவிட வசதியான இடம் எங்கே கிடைக்கும்? ஒரே ஆட்கள் பல வருஷமாக இருக்கும் தெருவில் எவனாவது சாவியை ஆட்டிக்கொண்டு ‘நான்தான் ஓனர்’ என்று நின்றால், எதிர் வீட்டுப் பாட்டியே ‘நீ யாருப்பா?’ என்று கேட்டிருப்பார்.

விளம்பரத்தில் வாடகை, அந்தத் தெருவில் நடப்பதைவிடக் கொஞ்சம்தான் குறைவு. ரொம்பக் குறைத்துப் போட்டால் சந்தேகம் வரும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஓனர் பெயருக்குப் பக்கத்தில் பச்சை டிக், கீழே ‘சரிபார்க்கப்பட்டவர்’. அவர் எண்ணைப் பார்ப்பதற்கே தளத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டும். கமிஷன்தான் கிடையாது, கட்டணம் உண்டு. சரி என்று கட்டினோம்.

சொன்ன நேரத்துக்கு வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, தணிந்த குரல். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்து, செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனான். சமையலறைக் குழாயைத் திறந்து, “காலையில கொஞ்சம் மெதுவா வரும், ஏழு மணிக்கு அப்புறம் சரியாயிடும்” என்றான். படுக்கையறை அலமாரியின் ஒரு கதவு கீல் தளர்ந்து தொங்கியது. நாங்கள் கவனிக்கக்கூட இல்லை. அவனே அதைத் தூக்கிப் பிடித்துக் காட்டி, “இது எனக்கு ஒரு மாசமா கண்ணை உறுத்திட்டே இருக்கு. நீங்க வர்றதுக்குள்ள மாத்திக் குடுத்துடறேன் சிஸ்டர்” என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டு, ஒரு சின்ன நோட்டை எடுத்து ‘கீல் 2’ என்று எழுதினான். அந்த நோட்டில் ஏற்கெனவே ‘பாத்ரூம் பல்பு’ என்று எழுதியிருந்தது. இதைப் பார்த்த பிறகு யாருக்குச் சந்தேகம் வரும்? குறையை மறைக்கிற ஓனரைப் பார்த்திருக்கிறோம். கேட்காமலே குறையைக் காட்டுகிறவனைத் திருடன் என்று எப்படி நினைப்பது?

ஒப்பந்தம் இரண்டு பிரதி கொண்டுவந்தான். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து. அடையாள அட்டை நகலும் கொடுத்தான் (போலீஸ் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள்). வங்கிக் கணக்கு மட்டும் வேறு பெயரில் இருந்தது. கேட்டோம். “நானும் தங்கச்சியும் கூட்டு ஓனர்ங்க, வாடகை அவ கணக்குக்குத்தான் போகும்” என்று பதில் தயாராக இருந்தது. அடுத்த நாள் வேறொரு குடும்பம் பார்க்க வருவதாகவும், ஆனால் குழந்தை இருக்கிற வீட்டுக்குக் கொடுக்கத்தான் தனக்கு இஷ்டம் என்றும் சொன்னான். பணம் போய்ச் சேர்ந்த நிமிஷமே சாவியைக் கழற்றி என் மகள் கையில் கொடுத்தான். மூன்று மாத வாடகைக்கு எங்களுக்கு மிஞ்சியது அந்தச் சாவி மட்டும்தான்.

சாமான் வண்டியோடு போய் இறங்கியபோது அந்தச் சாவி கதவைத் திறக்கத்தான் செய்தது. உள்ளே யாரோ ஒரு குடும்பம் பெட்டி படுக்கையோடு உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தது. நாங்கள் அவர்களைத் திருடர்கள் என்று நினைக்க, அவர்கள் எங்களை அப்படி நினைத்துக் கத்த, அந்தக் களேபரத்தில் ஒரு இளம் ஜோடி படியேறி வந்தது. அவர்கள் கையிலும் அதே சாவி, அதே ஒப்பந்தம். ‘கீல் 2’ அவர்களுக்கும் எழுதிக் காட்டப்பட்டிருக்கிறது.

விஷயம் இதுதான். அது வாரக் கணக்கில் பயணிகளுக்கு விடும் வீடு. இவன் சாதாரண விருந்தாளி மாதிரி ஒரு வாரத்துக்கு எடுத்து, சாவிக்கு நகல் போட்டுக்கொண்டு, அந்த ஒரு வாரமும் ஓனர் வேஷத்தில் வரிசையாக ஆட்களுக்கு வீட்டைக் காட்டி எல்லோரிடமும் அட்வான்ஸ் வாங்கியிருக்கிறான். குழாயில் தண்ணீர் எப்போது மெதுவாக வரும் என்பது அந்த வீட்டில் குளித்தவனுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? உண்மையான ஓனரம்மா வேறு ஊரில் இருக்கிறார். வீட்டை ஒரு பராமரிப்பு நிறுவனத்திடம் விட்டிருக்கிறார். அவருக்கு எதுவுமே தெரியாது.

இனி அலைக்கழித்த கதை. இதுதான் பணம் போனதைவிட வயிற்றெரிச்சல்.

தளத்தின் உதவிப் பெட்டியில் பேசியது மனிதனே இல்லை. ‘உங்கள் கனவு இல்லம் கிடைத்ததா?’ என்று கேட்டது. மோசடி என்று எழுதினால், ‘இந்த உரையாடலுக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?’ என்றது. சண்டை போட்ட பிறகு ஒரு பெண் அழைத்தார். “சார், நாங்க ரெண்டு பேரையும் இணைக்கிற தளம் மட்டும்தான். பணம் தளத்துக்கு வெளியில போயிருக்கு, நாங்க ஒண்ணும் செய்ய முடியாது.” அப்படியானால் ‘சரிபார்க்கப்பட்டவர்’ என்றால் என்னம்மா என்று கேட்டேன். அந்தப் போன் எண்ணுக்கு ஓடிபி போய் அவர் அதைத் திருப்பிப் போட்டிருக்கிறார் என்று அர்த்தமாம். வீடு அவனுடையதா என்று யாருமே பார்க்கவில்லை! நாங்கள் கட்டிய கட்டணமாவது திரும்ப வருமா என்றால், ‘சேவை வழங்கப்பட்டுவிட்டதால்’ வராதாம்.

வங்கியில், “நீங்களே கடவுச்சொல் போட்டு அனுப்பியிருக்கீங்க சார், இது உங்க சம்மதத்தோட போன பணம்” என்றார்கள். கணக்கை யாரோ திருடிப் பணம் எடுத்தால் அது ஒரு வகை, நாமே அனுப்பினால் வேறு வகையாம். போன இடத்துக் கணக்கை முடக்கச் சொல்லிக் கடிதம் போட்டார்கள். போய்ப் பார்த்தபோது அதில் சில்லறைதான் மிச்சம்.

போலீஸில் முதலில், “ஒப்பந்தம் இருக்குல்ல, இது வாடகைத் தகராறு, கோர்ட்டுக்குப் போங்க” என்று திருப்பி அனுப்பினார்கள். அந்த இளம் ஜோடியையும் அதே சாவியோடு அழைத்துப்போய் மேஜைமேல் இரண்டு சாவியையும் சேர்த்து வைத்த பிறகுதான் மோசடி என்று எழுதிக்கொண்டார்கள். பராமரிப்பு நிறுவனமோ, விருந்தாளிகளின் விவரத்தைத் தர முடியாது, தனியுரிமை என்கிறது. எங்கள் மூன்று மாத வாடகையோடு ஓடியவனுக்குத் தனியுரிமை!

புரோக்கர்களை நானும் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். கதவைத் திறந்துவிட ஒரு மாத வாடகையா என்று. இப்போதும் அந்தத் தொகை அதிகம் என்றுதான் சொல்வேன். ஆனால் புரோக்கருக்கு ஒரு மேஜை இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, தவறு நடந்தால் போய் நின்று சத்தம் போட ஒரு வாசல் இருக்கிறது. இந்தத் தளங்கள் அந்த ஆளை எடுத்துவிட்டன, அவன் செய்த வேலையை மட்டும் யார் தலையிலும் வைக்கவில்லை. கட்டணம் அவர்களுக்கு, விசாரணை நமக்கு. அப்படி என்றால் விளம்பரத்திலேயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே, ‘நாங்கள் எதையும் பார்க்கவில்லை, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று? பச்சை டிக் எதற்கு?

விரிவாக எழுதுகிறேன் என்று சொன்னேன், மறுபடியும் ஸ்டேஷனுக்குப் போக வேண்டியிருக்கிறது, அதனால் அவசரத்தில் சில மட்டும்.

சாவி இருப்பதால் ஓனர் ஆகிவிட மாட்டான். நிலப் பதிவேட்டிலோ வரி ரசீதிலோ இருக்கும் பெயர், அடையாள அட்டையில் இருக்கும் பெயர், வங்கிக் கணக்கில் இருக்கும் பெயர் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். தங்கச்சி, மாமா, கூட்டாளி என்று யார் பெயரில் கணக்கு இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

விளம்பரப் படங்களை கூகுள் லென்ஸில் போட்டுத் தேடுங்கள். நாங்கள் பிறகு தேடியபோது, அதே சோபா, அதே திரைச்சீலையோடு பயணிகள் தங்கும் தளத்தில் அந்த வீடு கிடைத்தது. வீட்டுக்குள் எண் பூட்டு, சாவிப் பெட்டி, வைஃபை கடவுச்சொல் எழுதிய அட்டை, ஓட்டலில் இருப்பது மாதிரி மடித்த துண்டுகள் இருந்தால் அது வாரவாடகை வீடாக இருக்க வாய்ப்பு அதிகம்.

மேல் மாடி, கீழ் மாடியில் கதவைத் தட்டி ஓனர் பெயரைக் கேளுங்கள். இன்னொரு நாள், வேறு நேரத்தில், சொல்லாமல் போய் அழைப்பு மணியை அடித்துப் பாருங்கள்.

‘நாளைக்கு வேற ஆள் வர்றாங்க’ என்றால் வரட்டும்.

பணம் போய்விட்டால் முதல் போன் வங்கிக்கு, அடுத்தது போலீஸுக்கு. தளத்தோடு சண்டை அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.

இதை எழுதும்போதே பார்த்தேன், அதே மாதிரி வாசகத்தோடு இரண்டு தெரு தள்ளி இன்னொரு வீடு விளம்பரத்தில் ஏறியிருக்கிறது. வேறு பெயர், வேறு எண், அதே பச்சை டிக். ‘குழந்தை உள்ள குடும்பத்துக்கு முன்னுரிமை’ என்று போட்டிருக்கிறான். புகார் பொத்தானை அழுத்தினேன், 7 வேலை நாட்களில் பரிசீலிப்பார்களாம். அந்தப் பக்கம் வீடு தேடுகிற யாராவது உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருந்தால் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். எங்களைப் போலவே ஏமாந்தவர்கள் இருந்தால் கீழே எழுதுங்கள், புகாரில் உங்கள் பெயரையும் சேர்க்க வேண்டும். ஆள் கூடினால்தான் ஸ்டேஷனில் அசைகிறார்கள்.