120 கொடுத்த சிங்கி இறால்: ஓல்ட் ஸ்கூலா, ரூன்ஸ்கேப் 3ஆ?

ரூன்ஸ்கேப்புக்குச் சந்தா கட்டினால் இரண்டு விளையாட்டுகள் கிடைக்கின்றன. கட்டணம் ஒன்றுதான். ஒரு கதவால் போனால் ரூன்ஸ்கேப் 3, மற்றக் கதவால் போனால் ஓல்ட் ஸ்கூல். ஆகவே எதை எடுப்பது என்பதில் காசுக்கு வேலை இல்லை. வேலையால் வந்து, சாப்பிட்டு, வீட்டில் எல்லாரும் படுத்தபின் மிஞ்சும் ஒன்றரை மணித்தியாலத்தை எதற்குக் கொடுப்பது என்பதுதான் பிரச்சினை. 2022இல் ஆறு கிழமை இரண்டையும் மாறி மாறி விளையாடிப் பார்த்து, ஓல்ட் ஸ்கூலில் நின்றுவிட்டேன். என்னுடன் ஒரே நாளில் தொடங்கிய நண்பன் இப்போது ஸ்காபரோவில் இருக்கிறான். அவன் ரூன்ஸ்கேப் 3ஐ விட்டு அசைய மாட்டான். கிழமையில் ஒருநாளாவது இதற்காகத் தொலைபேசியில் பிடுங்குப்படுகிறோம். அவனுக்குச் சொன்னவற்றையும், அவன் கேட்டதில் எனக்குப் பதில் வராதவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ரூன்ஸ்கேப் 2001 ஜனவரியில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பிறந்தது. உலாவியிலேயே ஓடிய விளையாட்டு. மரம் வெட்டலாம், மீன் பிடிக்கலாம், இரும்பு உருக்கலாம், மனம் வந்தால் சண்டையும் போடலாம். எல்லாவற்றுக்கும் 1 முதல் 99 வரை லெவல். 2012இல் சண்டை முறையை அடியோடு மாற்றினார்கள். பழைய ஆட்கள் பலர் மனம் வெறுத்து வெளியேறினார்கள். 2013 பெப்ரவரியில், 2007ஆம் ஆண்டின் சேமிப்புப் பிரதி ஒன்றை எடுத்துத் தனி விளையாட்டாக நடத்தத் தொடங்கினார்கள். அதுதான் ஓல்ட் ஸ்கூல். மாற்றப்பட்ட விளையாட்டு அதே ஆண்டு ஜூலையில் ரூன்ஸ்கேப் 3 என்ற பெயருடன் தன் வழியில் போனது.

நாங்கள் சேர்ந்தது 2010இன் நடுப்பகுதியில். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், ரியூசனுக்குப் போகும் ஒழுங்கைக்குப் பக்கத்தில் ஒரு நெற்கபே இருந்தது. ஆறு கணினிகள், உட்காரக்கூடிய கதிரைகள் நாலு. எதையும் பதிவிறக்கக் கூடாது என்று கடைக்கார அண்ணை சுவரில் எழுதி ஒட்டியிருந்தார். ரூன்ஸ்கேப்புக்குத் தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை என்பதால் அது மட்டும் தப்பியது. இருவரும் காசு சேர்த்து ஒரு மணித்தியாலம் எடுப்போம். போர்ட் சரிமில் 30 காசு கொடுத்துக் கப்பலேறி, கரம்ஜா தீவுக்குப் போய்ச் சிங்கி இறால் பிடிப்பதுதான் எங்கள் தொழில். மீன்பிடியில் 40ஆவது லெவல் வந்தால்தான் இறால் கூட்டைத் தூக்கலாம். பையில் 28 இடங்கள். கூட்டுக்கு ஒன்று, காசுக்கு ஒன்று போக 26 இறால். பை நிரம்பியதும் கதிரை மாறுவோம். குருநகரில் பிடிபடும் சிங்கி இறாலை ஏற்றுமதிக்காரர் நிறுத்து வாங்கிப் போவதைப் பார்த்திருக்கிறோமே தவிர, வீட்டில் கறியாகத் தின்றதில்லை. கரம்ஜாவில் பிடித்ததைக் கணக்கில்லாமல் தின்றோம். ஒன்றைத் தின்றால் 120 உயிர்ப்புள்ளி ஏறும்.

2012 நவம்பர் 20, செவ்வாய்க்கிழமை. பின்னேரம் கடைக்குப் போனபோது திரையின் அடியில் புதிதாக ஒரு பட்டை இருந்தது. அதுவரை எதிரியை ஒருதரம் சொடுக்கிவிட்டு உழுந்துவடையைக் கடிக்கலாம். உயிர் இறங்கினால் இறாலைச் சொடுக்க வேண்டும், அவ்வளவுதான் சண்டை. இப்போது ஒவ்வோர் அடிக்கும் ஒரு பொத்தான், ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு காத்திருப்பு. அந்தக் கடையின் விசைப்பலகையில் 3 வேலை செய்யாது. இரண்டு வருடமாக அது செத்துக் கிடந்ததை அன்றைக்குத்தான் கவனித்தோம். இரண்டு கிழமை முயன்று பார்த்தோம். பிறகு அவன் கனடா போனான், நான் உயர்தரம் படிக்கப் போனேன்.

ஓல்ட் ஸ்கூல் பழைய விளையாட்டை அப்படியே தருகிறது என்பார்கள். எந்தப் பழையதை? அந்தப் பிரதி 2007 ஓகஸ்ட் மாதத்துக்குரியது. அதற்குச் சரியாக ஓராண்டு முன்புதான் யாழ்ப்பாணத்துக்கான தரைவழியான ஏ9 பாதை முகமாலையில் மூடப்பட்டிருந்தது. எனக்கு அப்போது பத்து வயது. சங்கக்கடை வரிசையில், சீனிக்கும் மாவுக்கும் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். கப்பல் என்றால் திருகோணமலையிலிருந்து சாமான் வரும் கப்பல்தான். ரூன்ஸ்கேப் என்ற சொல்லே காதில் விழுந்ததில்லை. லண்டனில் வளர்ந்த என் மச்சான் "எங்கள் 2007" என்று உருகும்போது நான் பேசாமல் இருந்துவிடுவேன். என்னுடையது 2010உம் 2011உம். அந்தப் பதிப்பை இன்று எவரும் நடத்தவில்லை. ஓல்ட் ஸ்கூலில் நானே பிடித்து நானே சமைத்த இறாலை முதன்முதல் ஒரு சண்டைக்கு நடுவில் தின்றேன். 12 ஏறியது. எங்கள் காலத்துக்குச் சற்று முன்புதான் எல்லா உயிர்ப்புள்ளிகளையும் பத்தால் பெருக்கியிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த நேரத்தில் யாரோ கள்ள இறாலைத் தலையில் கட்டிவிட்டது போலத்தான் இருந்தது. நாங்கள் ஆசையாக ஏற்றிய சம்மனிங், டஞ்சனியரிங் என்ற இரண்டு திறன்களும் அங்கே இல்லை.

ஆக, ஏக்கத்தைக் கொண்டு அளந்தால் இரண்டுமே எனக்குச் சரிவராது. அதை ஒருபக்கம் வைத்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டியிருந்தது.

பார்வைக்கு ரூன்ஸ்கேப் 3 எங்கேயோ நிற்கிறது, அதில் வாதமே இல்லை. ஓல்ட் ஸ்கூலின் முகங்கள் இன்றைக்கும் செங்கல்லில் செதுக்கியவை போலத்தான். இரண்டும் தொலைபேசியில் ஓடும்: ஓல்ட் ஸ்கூல் 2018 முதல், மற்றது 2021 முதல். என் பழைய மடிக்கணினியில் ஓல்ட் ஸ்கூல் சத்தமில்லாமல் ஓடுகிறது. ரூன்ஸ்கேப் 3ஐத் திறந்தால் அதன் விசிறி உழவு இயந்திரமாகிவிடுகிறது. மின்வெட்டு நாளில் இது சின்ன விடயமல்ல. நான் ஒப்பிட்டுப் பார்த்த காலத்துக்குச் சற்று முன், 2022 மார்ச் கடைசியில், நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லை. டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறிய காலமும் அதுதான். முதல் மாதச் சந்தாவை நண்பன் அங்கிருந்து கட்டினான். அதன்பின் பச்சை ட்ராகன்களைக் கொன்று எலும்பும் தோலும் விற்று, விளையாட்டுக் காசிலேயே பொண்ட் வாங்கினேன். ஒரு பொண்ட் 14 நாள் சந்தாவுக்குச் சமம். இந்த வசதி இரண்டு விளையாட்டிலும் உண்டு, எனவே யாருக்கும் புள்ளி இல்லை.

என்னை ஓல்ட் ஸ்கூலில் நிறுத்தியது ஒரே ஒரு விடயம். அங்கே மாற்றுவதற்கு முன் கேட்கிறார்கள்.

புதுத் தீவோ, புது ஆயுதமோ, புதுத் திறனோ, எதைச் சேர்ப்பதானாலும் விளையாட்டுக்குள்ளேயே வாக்கெடுப்பு நடக்கும். நெடுங்காலம் நூற்றுக்கு 75 பேர் ஆம் என்றால்தான் செல்லும். 2022இல் அதை 70 ஆக்கினார்கள். பாதிக்கு மேல் ஒன்று கூடினால் போதும் என்ற கணக்கு அங்கே எடுபடாது. 2019இல் வோடிங் என்ற புதுத் திறனை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் விரும்பினார்கள். ஆனாலும் அது விழுந்துவிட்டது. கப்பலோட்டம் என்ற திறனின் கதை இன்னும் நீளம். 2015இல் வாக்குக்கு வந்து தோற்றது, 2023இல் மீண்டும் வந்து வென்றது, 2025 நவம்பரில்தான் கடலில் இறங்கியது. வல்வெட்டித்துறையில் பாய்க்கப்பல் கட்டிய காலத்தில்கூட இவ்வளவு சுணங்கியிருக்க மாட்டார்கள். 2023இல் நான் வேண்டாம் என்று வாக்குப் போட்டேன். தோற்றேன். இப்போது நானே படகு வைத்திருக்கிறேன். கேட்டுவிட்டுச் செய்ததால் எனக்குக் கோபம் வரவில்லை.

இதனால் அங்கே எதுவும் மாறவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். 2007 பிரதியில் கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் சந்தை கிடையாது. வரொக் வங்கிக்கு முன்னால் நின்று கூவித்தான் விற்க வேண்டும். 2015இல் வாக்குப் போட்டுச் சந்தையைக் கொண்டுவந்தார்கள். 2007இல் எவரும் கண்டிராத நிலங்களும் பூதங்களும் இன்று அங்கே நிறைய. பெயரில்தான் பழசு. ஆனால் நான் நாலு மாதம் எட்டிப் பார்க்காமல் விட்டுத் திரும்பி வந்தாலும், என் கோடரி அதே கோடரிதான். நின்ற இடத்திலிருந்தே தொடரலாம். ரூன்ஸ்கேப் 3இல் அன்றாடம் செய்ய வேண்டிய வேலைகள் ஒரு பட்டியல் இருந்தது. ஒரு கிழமை விட்டால் பால் கறக்காத மாட்டைப் போல அது என்னைப் பார்த்தது. 2012இல் அங்கே அதிர்ஷ்டச் சக்கரம் ஒன்று வந்தது, 2014இல் அது புதையல் பெட்டிகளாக மாறியது. சுற்றும் வாய்ப்பையும் பெட்டிச் சாவியையும் காசுக்கு வாங்கி லெவலை ஏற்றலாம் என்றானபின், எதிரே வருபவனின் 99 கையால் வந்ததா, பணப்பையால் வந்ததா என்று தெரியாமல் போனது. 2026 ஜனவரியில்தான் அந்தப் பெட்டிகளை எடுத்துவிட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், ரூன்ஸ்கேப்பும் ஒருகாலத்தில் கேட்டது. வனாந்தரம் என்ற பகுதியில் ஆட்கள் ஒருவரோடொருவர் போட்ட, 2007 கடைசியில் எடுத்துவிட்ட சண்டையையும், அதையடுத்துக் கட்டுப்படுத்திய ஆட்களுக்கிடையிலான வணிகத்தையும் திருப்பித் தரலாமா என்று வாக்கெடுப்பு வைத்தார்கள். 12 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் விழுந்தன, பத்தில் ஒன்பதுக்கு மேல் ஆம். நாங்களும் அந்த நெற்கபேயிலிருந்து ஆளுக்கொரு வாக்குப் போட்டோம். 2011 பெப்ரவரியில் இரண்டும் திரும்பி வந்தன. அடுத்த ஆண்டே புதிய சண்டை முறை வந்தது. முன்னோட்டம் காட்டினார்களே தவிர, வேண்டுமா என்று வாக்குக்கு விடவில்லை.

வாக்கெடுப்பிலும் ஓட்டை உண்டு. வனாந்தரத்தின் பக்கமே போகாதவர்கள், அங்கே சண்டை பிடிப்பவர்களுக்கான யோசனைகளுக்கு வேண்டாம் போட்டு விழுத்துவது பழைய புகார். சில திருத்தங்கள் வாக்கில்லாமலும் வந்துவிடுகின்றன.

இனி நண்பனின் பக்கம். அவனுடைய 99 மீன்பிடி ரூன்ஸ்கேப் 3இல் இருக்கிறது. 99க்கு 13,034,431 புள்ளிகள் வேண்டும். 92ஆவது லெவல் வந்தால்தான் அதில் பாதி. கனடாவில் முதல் இரண்டு குளிர்காலமும் அந்தப் பாதியைத்தான் பிடித்தானாம். ஓல்ட் ஸ்கூலுக்கு வந்தால் எல்லாரையும் போலப் பயிற்சித் தீவில் வெறுங்கையுடன் இறங்க வேண்டும். "நீ வாடகை வீட்டில் இருக்கிறாய். நான் எங்கள் வீட்டிலேயே இருக்கிறேன். சுவருக்கு வேறு நிறம் அடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்" என்கிறான். இதற்கு என்னிடம் பதில் இல்லை. என் பழைய கணக்கைத் திறந்து பார்த்தேன். திரை முழுக்க பெட்டிகள், அடியில் 14 இடம் கொண்ட பட்டை, பெயர் தெரியாத நாலைந்து நாணயங்கள். வங்கியைத் திறந்தால் 412 சிங்கி இறால்கள் அப்படியே கிடந்தன. ஒன்றையும் தொடாமல் மூடிவிட்டேன்.

சண்டையைப் பற்றி நான் அதிகம் பேசக்கூடாது. ரூன்ஸ்கேப் 3இல் நான் செலவிட்டது முப்பது மணித்தியாலம் வருமோ என்னவோ. அதிலும் பாதி, 2014இல் அவர்கள் சேர்த்த பழைய பாணிச் சண்டை முறையில்தான். பெரிய பூதங்களின் பக்கம் போனதில்லை. விரல் பழகிவிட்டால் அந்தச் சண்டைக்கு ஈடே இல்லை, ஓல்ட் ஸ்கூலில் அடிபிடி என்பது விறகு கொத்துவது போல என்று அவன் சொல்கிறான். இருக்கலாம். பத்து மணிக்குமேல் எனக்கு விறகு கொத்தத்தான் தெம்பு இருக்கிறது.

போன மாதம் ஒரு ஞாயிறு, என் கரைச்சல் தாங்காமல் ஓல்ட் ஸ்கூலில் புதுக் கணக்குத் திறந்து, பயிற்சித் தீவைத் தாண்டி லம்பிரிட்ஜ் ஊரில் வந்து நின்றான். வரவேற்க, சுட்ட சிங்கி இறால் ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். "இதில் 12 ஏறும்" என்று எழுதினேன். அவன் தன் திரையைப் பார்த்துவிட்டுச் சற்றுநேரம் கழித்துப் பதில் போட்டான்: "எனக்கு மொத்த உயிரே 10தான்."