தமிழில் எழுதுவோருக்கு எந்தக் கட்டற்ற அலுவலகத் தொகுப்பு?

மைக்ரோசாப்ட் ஆபிஸுக்கு மாற்று கேட்பவரிடம் இன்றும் பலர் ஓபன்ஆபிஸ் என்ற பெயரைத்தான் சொல்கிறார்கள். அந்தப் பெயரில் இப்போது கிடைக்கும் தொகுப்பை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 2000-இல் மூலநிரலைத் திறந்துவிட்ட அந்த மென்பொருள், 2010-இல் சன் நிறுவனத்தோடு சேர்ந்து ஆரக்கிளின் கைக்குப் போனது. அதே ஆண்டு செப்டம்பரில் அதை உருவாக்கியவர்களில் பலர் பிரிந்து சென்று லிப்ரெஆபிஸைத் தொடங்கினர். பெயரும் மிச்சமும் 2011-இல் அப்பாச்சி அறக்கட்டளைக்கு வந்து சேர்ந்தன. அதன் 4.1 வரிசை வெளியானது 2014-இல். பிறகு வந்தவை பெரும்பாலும் பிழைதிருத்தங்களே. இதில் உரிமமும் ஒரு வினையாயிற்று: அப்பாச்சி உரிமத்தில் உள்ள நிரலை லிப்ரெஆபிஸ் எடுத்துக்கொள்ளலாம், லிப்ரெஆபிஸின் நிரலை அப்பாச்சியினர் எடுத்துக்கொள்ள முடியாது. அப்பாச்சி ஓபன்ஆபிஸில் வேர்டின் டாக்எக்ஸ் (.docx) கோப்பைத் திறக்கலாம், ஆனால் அதே வடிவத்தில் சேமிக்க இயலாது என்பது ஒன்றே பலருக்குப் போதுமான காரணம்.

ஆகவே போட்டி லிப்ரெஆபிஸுக்கும் ஒன்லிஆபிஸுக்கும் இடையில்தான். ஒன்லிஆபிஸ் மைக்ரோசாப்ட் வடிவங்களையே தன் தாய்வடிவமாகக் கொண்டது. தோற்றமும் வேர்டைப் போன்றதே. நாள்தோறும் பிறருடைய டாக்எக்ஸ் கோப்புகளைத் திருத்தித் திருப்பி அனுப்புவதே வேலை என்றால் அதையே நிறுவிக்கொள்ளலாம். தரவுத்தளச் செயலியும் தனி வரைகலைச் செயலியும் அதில் இல்லை. லிப்ரெஆபிஸில் இரண்டும் உண்டு. எதைத் தேர்ந்தாலும், எழுத்துகள் சரியாகக் கோக்கப்படுகின்றனவா என்று அறிய, முதலில் ‘கௌ’, ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ ஆகியவை வரும் ஒரு பத்தியைத் தட்டச்சு செய்து, பிடிஎஃப் ஆக்கியும் பார்த்துவிடுவது நல்லது.

நீண்ட தமிழ் ஆவணங்களுக்கு என் தேர்வு லிப்ரெஆபிஸ். 2017-இல் வெளியான 5.3 பதிப்பிலிருந்து எல்லா இயங்குதளங்களிலும் எழுத்துகளைக் கோக்கும் பொறுப்பை அது ஹார்ஃப்பஸ் பொறியிடம் ஒப்படைத்திருக்கிறது. ஆனால் புதிதாக வருபவர் தடுமாறும் ஓர் இடம் உண்டு. பத்திப் பாணியை (paragraph style) திருத்தும் சாளரத்தில் எழுத்துரு இரண்டு இடங்களில் கேட்கப்படும்: ஆங்கிலம் போன்ற மேற்கத்திய எழுத்துகளுக்கு ஒன்று, தமிழ் உள்ளிட்ட சிக்கலான எழுத்தமைப்புகளுக்கு இன்னொன்று. முன்னதில் அளவை 14 ஆக்கிவிட்டு, தமிழ் மட்டும் ஏன் 12-லேயே நிற்கிறது என்று திகைப்பவர்கள் பார்க்க வேண்டியது இந்த இரண்டாம் இடத்தைத்தான். அமைப்புகளில் மொழிப் பகுதிக்குச் சென்று, சிக்கலான எழுத்தமைப்புக்கான மொழியாகத் தமிழையும் தேர்ந்துவிட வேண்டும்.

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கோப்புகள் வைத்திருப்போருக்கு இது இன்னும் முக்கியம். பாமினியில் தட்டச்சு செய்தது கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும், கோப்பில் இருப்பவை ஆங்கில எழுத்துகளே. எனவே மென்பொருள் அதற்கு மேற்கத்திய எழுத்துருவைத்தான் பொருத்துகிறது. ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றியவுடன் அதே பத்தி இரண்டாம் இடத்தின் ஆளுகைக்குள் வந்துவிடுவதால், எழுத்துருவும் அளவும் சட்டென்று மாறி, பக்கக் கணக்கும் குலைந்துபோகும். பாணிகளைத் திருத்தாமல் ஒவ்வொரு பத்தியாகத் தேர்ந்து சரிசெய்யத் தொடங்கினால் ஒரு நாள் அதிலேயே போய்விடும். மாற்றும் முன்பே பாணிகளின் இரண்டாம் இடத்தில் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒருங்குறி எழுத்துருவை அமைத்துவைப்பதே என் வழக்கம்.

அச்சுக்குக் கொடுக்கும்போது இன்னொரு வசதி கைகொடுக்கிறது. பிடிஎஃப் ஏற்றுமதிச் சாளரத்தில் கலப்பு வகை என்றொரு தெரிவு இருக்கிறது. அதைக் குறியிட்டால் லிப்ரெஆபிஸின் மூல .odt கோப்பும் பிடிஎஃப்புக்குள்ளேயே பொதிந்துவிடும். அச்சகத்தில் அது வழக்கமான பிடிஎஃப்பாகவே திறக்கும்; கடைசி நேரத்தில் ஓர் ஒற்றுப்பிழை கண்ணில் பட்டால், அதே கோப்பை லிப்ரெஆபிஸில் திறந்து திருத்திக்கொள்ளலாம்.