508டி வேனுக்கு எந்த என்ஜின்: பழைய பென்ஸா, இசுசுவா?

பழைய மெர்சிடிஸ் 508டி வேனில் படுக்கையும் அடுப்பும் வைத்து ஊர் சுற்றுகிறவர்களுக்கு ஒரு நாள் இந்தக் கேள்வி வந்தே தீரும். காற்று வடிகட்டி ஆயிலில் ஊறும், ஏற்றத்தில் நீலப் புகை விடும், காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். என் வண்டிக்கு அந்த நிலை வந்தபோது மூன்று வழிகள் இருந்தன: இருக்கிற ஓஎம் 314 என்ஜினையே ஓவர்ஹால் செய்யலாம், அதே வம்சத்தில் அடுத்து வந்த ஓஎம் 364ஐ ஏற்றலாம், அல்லது ஜப்பான் லோரி என்ஜின் ஒன்றைப் போடலாம். நான் மூன்றாவதற்குப் போனேன். போட்டது இசுசு 4பிடி1. அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

சக்தியிலும் வேகத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஓஎம் 314 என்பது 3.8 லிட்டர், நான்கு சிலிண்டர், 2,800 சுற்றில் 85 குதிரைத்திறன். 4பிடி1 என்பது 3.9 லிட்டர், ஏறக்குறைய 100. அலமாரி, தண்ணீர்த் தொட்டி, மெத்தை எல்லாம் ஏற்றிய வண்டி, எந்த என்ஜின் போட்டாலும் ஈப்போ அருகே மெனோரா சுரங்கப்பாதை ஏற்றத்தில் இடது ஓரமாகத்தான் போகும். எண்ணெய்ச் செலவும் அப்படித்தான். தீபகற்ப மலேசியாவில் லிட்டர் 2.15 வெள்ளியாக இருந்த டீசல் 2024 ஜூன் 10ஆம் தேதி 3.35 ஆனதிலிருந்து எல்லாரும் சிக்கனத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். பெட்டி மாதிரி இருக்கும் வேனுக்கு என்ஜினை மாற்றி மிச்சம் பிடிப்பதைவிட, 80ஐத் தாண்டாமல் ஓட்டி மிச்சம் பிடிப்பது சுலபம்.

ஓஎம் 314 நல்ல என்ஜின். டைமிங் பெல்ட் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது, அவசரமே இல்லாமல் ஓடும். அதையே வைத்துக்கொண்டால் கியர்பாக்ஸைத் தொடவேண்டாம், கிரானில், அதாவது வண்டிப் பதிவுப் பத்திரத்தில், எழுதியிருக்கும் என்ஜின் எண்ணும் மாறாது. ஆறு சிலிண்டர் ஓஎம் 352 இதற்கு அண்ணன். இரண்டுக்கும் 97 மில்லிமீட்டர் போர் (சிலிண்டர் விட்டம்), 128 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்). அதனால் பிஸ்டன், ரிங் போன்றவை தேடினால் கிடைத்துவிடும். கிராங்க், ஹெட் கேஸ்கட் போன்றவை நான்கு சிலிண்டருக்கே உரியவை, அங்கேதான் சிக்கும். சாமான் வரும்வரை வண்டி ஜாக்கியில் நிற்கும், பட்டறையில் நம் இடத்துக்கு அடுத்தவன் வண்டி வந்துவிடும்.

ஓஎம் 364ஐத்தான் பென்ஸ் பிரியர்கள் சிபாரிசு செய்வார்கள். 4 லிட்டர், டர்போ வைத்ததும் உண்டு, குடும்பம் ஒன்று என்பதால் பொருத்துவதில் அதிகத் தகராறு இல்லை என்பார்கள். நான் ஏற்றிப் பார்த்ததில்லை, ஏற்றியவர் வண்டியில் உட்கார்ந்து போனதோடு சரி. இழுவை அருமையாக இருந்தது. ஆனால் சாமான் கஷ்டம் அதற்கும் உண்டு.

என் முடிவைத் தீர்மானித்தது அந்தச் சாமான் கஷ்டம்தான். நான் இருப்பது பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில். எல்பில், லிந்தாங் சாலைப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் ரப்பர், இப்போது கண்ணுக்கெட்டிய வரை செம்பனை. செம்பனைக் குலையை வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்ப்பதுதான் நல்லது. தாமதித்தால் பழத்தில் கொழுப்பு அமிலம் ஏறி எண்ணெயின் தரம் கெடும், விலையும் விழும். ஆகவே குலை ஏற்றும் லோரி படுத்துவிட்டால் நாளைக்குப் பார்க்கலாம் என்று யாரும் விடமாட்டார்கள். அன்றைக்கே கழற்றி, அன்றைக்கே மாட்டி, சாயங்காலம் தோட்டத்துக்கு அனுப்பவேண்டும். தோட்டம் சூழ்ந்த சின்ன ஊர்களில் சாமான் கடையும் போர்மேன்களும் (மெக்கானிக்குகளும்) இந்த அவசரத்துக்குப் பழகியவர்கள். கடை அலமாரியில் இருப்பது எது? இசுசு என்பிஆர், ஃபூசோ கேண்டர் லோரிகளுக்கான கேஸ்கட், வாட்டர் பம்ப், கிளட்ச் பிளேட், நாசில். பென்ஸ் சாமான் இல்லை.

4பிடி1 அந்தப் பழைய என்பிஆர் லோரிகளின் என்ஜின். டைமிங் எல்லாம் கியரில் ஓடுவதால் அறுந்துபோக பெல்ட் இல்லை. டீசல் நேராக சிலிண்டருக்குள் பாய்வதால் நம் ஊர் வெப்பத்தில் என்ஜினைச் சூடாக்கும் குளோ பிளக் தயவு இல்லாமலே பிடித்துக்கொள்ளும். ஆனால் இதெல்லாம் ஓஎம் 314க்கும் பொருந்தும். இசுசுவை நான் எடுத்ததற்குக் காரணம், எங்கள் போர்மேன் கண்ணை மூடிக்கொண்டே அதைக் கழற்றுவார் என்பதுதான். வீட்டு வேன் வெளியூர் போகிற வண்டி என்பதால் இது இன்னும் முக்கியம். 1982இல் திறந்த கிரிக்–ஜெலி கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் நீண்ட தூரத்துக்குக் காடுதான், யானை கடக்கும் இடம்கூட உண்டு. அங்கே வாட்டர் பம்ப் போய்விட்டால், இழுத்துவந்து சேர்க்கும் சிறு ஊரில் எந்தச் சாமான் கிடைக்கும் என்பதுதான் நீங்கள் இரவு எங்கே தூங்குவீர்கள் என்பதைத் தீர்மானிக்கும். லோரி ஓடும் ஊரில் லோரி என்ஜினுக்குச் சாமான் இருக்கும்.

கேண்டரின் 4டி34ஐ ஏன் போடவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. போட்டிருக்கலாம். அதுவும் 3.9 லிட்டர், அதற்கும் சாமான் குறையில்லை. எங்கள் போர்மேன் கை இசுசுவில் பழகியது, அவ்வளவே. உங்கள் ஊர் போர்மேன் கேண்டர் ஆள் என்றால் அதையே எடுங்கள்.

மாற்றும் வேலை சுலபமில்லை. என்ஜினைத் தனியாக வாங்காமல் கியர்பாக்ஸோடு வாங்குங்கள், இசுசுவையும் பென்ஸ் கியர்பாக்ஸையும் சேர்க்க அடாப்டர் பிளேட் கடைவது தலைவலி. கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டை அளவெடுத்து வெட்டி, பேலன்ஸ் பார்க்கவேண்டும். சம்ப் (என்ஜின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) முன் அச்சில் இடிக்கிறதா, ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் எவ்வளவு இடைவெளி, சீட்டுகளுக்கு நடுவே இருக்கும் என்ஜின் மூடி இறங்குமா என்று பணம் கொடுப்பதற்கு முன்பே அளந்துகொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு விஷயங்கள் உண்டு. முதலாவது கரண்ட்: வேன் 12 வோல்ட், என்பிஆர் லோரி பெரும்பாலும் 24. ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், என்ஜினை நிறுத்தும் சொலினாய்டு எல்லாவற்றையும் 12க்கு மாற்றவேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் விளக்கும் ஃபிரிட்ஜும் புகைந்துவிடும். இரண்டாவது பிரேக்: 508டியின் பிரேக்குக்கு உதவும் பூஸ்டருக்கு வேக்குவம் (காற்றை உறிஞ்சிய வெற்றிடம்) தேவை. இசுசு ஆல்டர்னேட்டரின் பின்புறத்திலேயே வேக்குவம் பம்ப் இருக்கிறது, நல்லதாகப் போயிற்று. 12 வோல்ட் ஆல்டர்னேட்டர் தேடும்போது அந்தப் பம்ப் உள்ளதாகவே கேட்டு வாங்குங்கள். அப்புறம், எந்த என்ஜின் போட்டாலும் பழைய ரப்பர் டீசல் குழாய்களை மாற்றிவிடுங்கள். 2019 முதல் நாம் போடும் டீசலில் 10 விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து வருவது. அது பழைய ரப்பரை இளக்கும், தொட்டியில் படிந்த அழுக்கைக் கரைத்து ஃபில்டரை அடைக்கும்.

பத்திரம் பற்றி விளையாட்டுத்தனமே வேண்டாம். என்ஜின் வாங்கிய ரசீதையும், இறக்குமதி என்றால் சுங்கத்துறைத் தாளையும் பத்திரமாக வைத்து, வேலையைத் தொடங்குமுன் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் கேட்டுவிடுங்கள். சோதனை முடிந்து கிரானில் புது எண் ஏறவேண்டும். ஏறாவிட்டால் பின்னால் பெயர் மாற்றும்போது, எண் ஒத்துப்போகவில்லை என்று சோதனையிலேயே நிறுத்திவிடுவார்கள். ரசீது இல்லாத மலிவான ஹாஃப்கட் (பாதியாக வெட்டி இறக்கிய பழைய வண்டி) மலிவே இல்லை.

இசுசு டி-மேக்ஸ் பிக்அப்பில் முன்பு வந்த 4ஜேஜே1 மாதிரி, கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் காமன்ரெயில் என்ஜினை ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். சத்தம் குறைவு, சக்தி அதிகம். எனக்கு அதில் அனுபவம் இல்லை; ஒரு சென்சருக்காகக் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் பட்டறையைத் தேடிப்போக எனக்கு மனமில்லை.

வேனைச் சேகரிப்பாளருக்கு விற்கும் எண்ணம் உள்ளவர்களுக்கு ஓஎம் 314 ஓவர்ஹால்தான் சரி. வண்டியில் எல்லாமே ஒரிஜினலாக இருப்பதற்கு அவர்கள் தரும் விலையை இசுசு போட்ட வேனுக்குத் தரமாட்டார்கள். என்னை மாதிரி மாற்றத் துணிந்தவர்களும் கழற்றிய என்ஜினைப் பழைய இரும்புக்குப் போடவேண்டாம். பிளாக் விரிசல் இல்லாமல் இருந்தால் ஆயில் ஊற்றி, துளைகளை அடைத்து, கொட்டகையில் வையுங்கள். வேனை வாங்க வருகிறவர் அதையும் சேர்த்துக் கேட்கக்கூடும்.