ஸ்ரீபெரும்புதூர்: ஐந்து கதைகள், ஒரு கேமரா

போரூரில் பெரியப்பா வீட்டில் ஒவ்வொரு மே மாதமும் ஒரே சண்டைதான். தொலைக்காட்சியில், ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட ஸ்ரீபெரும்புதூரில் உள்ள நினைவிடத்தின் தூண்களைக் காட்டியதும் அவர் ஆரம்பித்துவிடுவார். "புலிகளைக் கருவியா வச்சு வேற யாரோ முடிச்சுட்டாங்கடா." சித்தப்பா விடமாட்டார். "கருவின்னுகூட சொல்லாதீங்க அண்ணே, அவங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல." நடுவில் காபி ஆறிப்போகும். பெரியம்மா இன்னொரு முறை சுட வைத்துக்கொண்டு வருவார்.

எனக்கு இந்தச் சண்டையில் ஒரு எரிச்சல் உண்டு. இருவரும் ஒரே கேள்விக்கு இரண்டு பதில் சொல்வதுபோலத் தெரியும். கூர்ந்து கேட்டால் ஆளுக்கொரு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். குண்டை வெடிக்க வைத்தது யார், அனுப்பியது யார், தெரிந்தே உதவியது யார், கோட்டை விட்டது யார் என்று இந்த வழக்கில் கேள்விகள் நான்கு. நான்குக்கும் கிடைத்திருக்கும் சான்றுகளின் கனம் ஒன்றல்ல. ஒன்றில் கிடைத்த சந்தேகத்தை இன்னொன்றின் மேல் ஏற்றிவைப்பதில்தான் முக்கால்வாசி சதிக்கதைகள் ஓடுகின்றன. அரசுத் தரப்பும் அதையே மறுபக்கமாகச் செய்திருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இன்னொன்று. அமெரிக்க அதிபர் கென்னடி கொலையில் ஒற்றை ஆளா, கூட்டமா என்பதே தகராறு. இங்கே அப்படி இல்லை. நீதிமன்றமே சதி என்றுதான் சொல்கிறது. குற்றச் சதிக்கான 120பி பிரிவில்தான் தண்டனையும் கொடுத்தது. ஆகவே "இது சதி" என்று யாராவது ரகசியம் சொல்வதுபோலச் சொன்னால், ஆமாம், தீர்ப்பிலும் அதுதான் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். சதி எவ்வளவு பெரியது என்பதுதான் பேச்சு.

முதலில் குண்டு. 1991 மே 21, இரவு 10.20 மணி அளவில் வெடித்தது. அடுத்த சில நாட்கள் சென்னையில் சுற்றிய கதைகள் பல: பூக்கூடையில் குண்டு, மேடைக்கு அடியில் குண்டு, மாலைக்குள் குண்டு. மேடைக் கதை நிற்காது. ராஜீவ் மேடைக்குப் போய்ச் சேரவே இல்லை. சிவப்புக் கம்பளத்தில் நடந்து வந்து, வரிசையில் நின்றவர்களிடம் மாலை வாங்கிக்கொண்டிருந்தார். மற்றவற்றைத் தீர்த்து வைத்தது தமிழ்நாடு தடய அறிவியல் துறை. அப்போதைய இயக்குநர் பி. சந்திரசேகரன் உடல்களின் சிதைவை வைத்துப் பின்னோக்கிப் போனார். ஒரு பெண்ணின் தலையும் கைகால் பகுதிகளும் கிடைத்தன, நடுவுடல் கிடைக்கவில்லை. குண்டு பக்கத்தில் இருந்திருந்தால் உடலின் ஒரு பக்கம் போயிருக்கும். உடம்போடு ஒட்டி இருந்தால்தான் நடுப்பகுதி மட்டும் இல்லாமல் போகும். துணித் துண்டுகள், ஒயர், கடுகளவு எஃகு குண்டுகள் எல்லாம் அதே திசையைக் காட்டின: ஆர்டிஎக்ஸ் வெடிமருந்து வைத்துத் தைத்த இடுப்புப் பட்டை.

இதற்கு யாருடைய வாய்ச்சொல்லும் தேவைப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அடித்து வாங்கினார்கள், மிரட்டி எழுதினார்கள் என்று எதையும் இங்கே சொல்ல முடியாது.

அடுத்தது கேமரா. ஹரிபாபு என்ற இளம் புகைப்படக்காரர், நிகழ்ச்சியைப் படமெடுக்க கொலைக் குழுவாலேயே அழைத்து வரப்பட்டவர், குண்டில் இறந்துபோனார். கேமரா அவர் உடலோடு பத்திரமாகக் கிடைத்தது. ஃபிலிம் சுருளைக் கழுவியபோது கிடைத்தவை 10 படங்கள். ஒன்றில், ஒரு தாய்க்கும் கவிதை வாசிக்கக் காத்திருந்த மகளுக்கும் அருகில் சந்தன மாலையோடு, குண்டைக் கட்டிக்கொண்டு வந்த தனு நிற்கிறார். பத்திரிகையாளர் தோரணையில், வெள்ளைக் குர்த்தாவும் கையில் குறிப்பேடுமாகக் குழுவின் தலைவர் சிவராசன் நிற்கிறார். கடைசிப் படம் வெடிப்பின் தீப்பிழம்பு. அந்தத் தாயும் மகளும் அதில் போய்விட்டார்கள். தனு, ஹரிபாபு உட்பட அன்று இறந்தவர்கள் 18 பேர். அந்தச் சந்தன மாலை மவுண்ட் ரோடு பூம்புகார் கடையில் அன்றைக்குத்தான் வாங்கப்பட்டது, வாங்கியவர் ஹரிபாபு.

சித்தப்பாவின் வலுவான கேள்வி இதுதான். "கொலை செய்யப் போறவன் போட்டோகிராபரைக் கூட்டிட்டுப் போவானா? கேமராவை விட்டுட்டுத்தான் போவானா? அது வச்ச கேமராடா."

நானும் ஒரு காலத்தில் இதில் தடுமாறியிருக்கிறேன். ஆனால் தங்கள் தாக்குதல்களைப் படமெடுத்து வைப்பது புலிகளின் வழக்கம். கேமரா விட்டுப்போனது திட்டமல்ல, திட்டம் பிசகியது. ஹரிபாபு சாகாமல் இருந்திருந்தால் அந்தச் சுருள் நம் கண்ணில் பட்டிருக்காது. சரி, வைத்த கேமரா என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் மேடைக்கு முன் உயிரோடு நின்ற தனுவையும் சிவராசனையும் அதற்குள் எப்படி வைத்தார்கள்? அந்த இரவில் அந்தத் திடலில் அவர்கள் நின்றதை யாராலும் புனைய முடியாது. முதல் கேள்விக்கு இதோடு முற்றுப்புள்ளி வைக்கலாம். பூக்கூடைக் கதையை இன்றைக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புபவர்களோடு நான் வாதாடுவதில்லை.

இரண்டாவது கேள்வி: அனுப்பியது யார்? இங்கேதான் பெரியப்பா சூடு பிடிப்பார்.

தீர்ப்பின் கதை இது: 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தம், இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படை, அதன்பின் 1990 ஆகஸ்டில் ஓர் ஆங்கில வார இதழுக்கு ராஜீவ் அளித்த பேட்டி, அவர் திரும்பவும் பிரதமரானால் ஆபத்து என்று புலித் தலைமை முடிவெடுத்தது, புலிகளின் உளவுப் பிரிவுத் தலைவர் பொட்டு அம்மானின் கீழ் சிவராசன் குழு வந்தது. சான்றுகளாக வயர்லெஸ் செய்திகள், கடிதங்கள், மே 7-ஆம் தேதி சென்னை நந்தனத்தில் வி.பி. சிங் கூட்டத்தில் பார்த்த ஒத்திகை.

மறுபக்கம், புலிகள் தரப்புக் கவிஞர் காசி ஆனந்தனின் சந்திப்பை எடுத்துப் போடுவார்கள். 1991 மார்ச்சில் அவர் டெல்லியில் ராஜீவைச் சந்தித்தார், பேச்சு சுமுகமாக இருந்தது. உறவு சீராகிக்கொண்டிருந்தபோது எதற்குக் கொல்ல வேண்டும்? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அரசுத் தரப்பு அதே சந்திப்பைக் கண்துடைப்பு என்கிறது. அதையும் மறுக்க வழியில்லை. ஒரு சான்று இரண்டு கதைக்கும் ஒரே அளவு பொருந்துமானால், தராசில் அதன் எடை பூஜ்யம். 2002-ல் கிளிநொச்சி செய்தியாளர் சந்திப்பில் புலிகளின் தலைவர் பிரபாகரன் சொன்ன "துன்பியல் சம்பவம்" என்ற இரண்டு சொல்லுக்கும் இதே கதிதான். ஒப்புக்கொண்டார் என்று பெரியப்பாவும், ஒப்புக்கொள்ளவில்லை என்று சித்தப்பாவும் 20 வருடமாக அந்த இரண்டு சொல்லையே மென்றுகொண்டிருக்கிறார்கள்.

"யாருக்கு லாபம்?" என்ற வாதமும் உண்டு. இந்தக் கொலையால் மிகப் பெரிய நஷ்டம் புலிகளுக்கு, ஆகவே அவர்கள் செய்திருக்க மாட்டார்கள் என்பது. செய்தவன் எதை எதிர்பார்த்தான் என்பதுதான் காரணமாகும். பிறகு என்ன நடந்தது என்பது காரணமாகாது. பின்னால் வந்த லாபத்தை வைத்து ஆளைப் பிடிப்பதானால், அந்த ஆண்டு ஜூன் தேர்தலில் ஜெயித்தவர்களை எல்லாம் பிடிக்க வேண்டியிருக்கும். பிறகு அந்தத் தேர்தலில் தோற்ற திமுகவினர் மேல், கொலை நடந்த வாரமே கல் விழுந்தது, கொடிக்கம்பங்கள் சாய்ந்தன. அந்த ஆத்திரம் எந்தச் சான்றையும் கேட்டு வரவில்லை.

வெளிக்கைக் கதைக்கு ஆதாரமாக எல்லாரும் நீட்டுவது, கொலையின் பின்னணிச் சதியை விசாரித்த ஜெயின் ஆணையம். 1991-ல் அமைக்கப்பட்டது, இறுதி அறிக்கை 1998-ல் வந்தது. வெளிநாட்டு உளவு அமைப்புகள், ஆயுத வியாபாரம், டெல்லிச் சாமியார் ஒருவர், பாலஸ்தீனத் தலைவர் யாசர் அராஃபத் ராஜீவுக்கு அனுப்பிய எச்சரிக்கை என்று அதில் எல்லாம் உண்டு. பெரியப்பாவிடம் கேட்டேன்: "இதுல எது, யார் கையில எப்போ பணமோ குண்டோ கொடுத்தாங்கன்னு சொல்லுது பெரியப்பா?" "அதைத்தான் விசாரிக்கச் சொன்னாங்க" என்றார். உண்மை. அதற்காகவே 1998-ல் சிபிஐயின் கீழ் பல்நோக்குக் கண்காணிப்பு முகமை ஒன்று அமைக்கப்பட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேல் மூடிய உறையில் அறிக்கை கொடுத்துக்கொண்டே இருந்தது. 2022-ல் கலைத்துவிட்டார்கள். புதிதாக ஒருவர் மீதும் குற்றப்பத்திரிகை வரவில்லை. பெரியப்பாவுக்கு இது மூடி மறைத்ததன் அடையாளம். எனக்கு, ஒன்றும் கிடைக்கவில்லை என்பதன் அடையாளமாகவே படுகிறது. ஆனால் அந்த உறைகளைத் திறந்து காட்டியிருந்தால் நாங்கள் இரண்டு பேரும் இப்படி ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

விசித்திரமாகத் தெரிவதெல்லாம் சதியாகிவிடாது என்பதற்கு ஓர் இடைச்செருகல். டல்லாஸில் கென்னடி சுடப்பட்ட நாளில் நல்ல வெயில். ஆனால் ஒருவர் கறுப்புக் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். சைகை கொடுத்தார், குடைக்குள் துப்பாக்கி என்று 15 வருடம் எழுதினார்கள். 1978-ல் அவரே அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் குடையோடு வந்தார். கென்னடியின் தந்தை, ஹிட்லரோடு சமரசம் பேசிய பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லேனை ஆதரித்ததைக் குத்திக்காட்டத்தான் குடை பிடித்தாராம். சேம்பர்லேனின் அடையாளம் குடை. அந்தக் காரணத்தை யாராலும் முன்கூட்டி ஊகித்திருக்க முடியாது.

கோட்டை விட்டது யார் என்ற கேள்வியில் எனக்குச் சந்தேகமே இல்லை: பலரும். பாதுகாப்புக் குறைபாடுகளை விசாரித்த வர்மா ஆணையம் மத்திய உளவுத் துறை, மாநிலக் காவல்துறை, கட்சிக்காரர்கள் என்று யாரையும் விட்டுவைக்கவில்லை. ராஜீவுக்குப் பதவி போனதும் சிறப்புப் பாதுகாப்புப் படையின் காவலும் போனது. தனுவைத் தள்ளி நிறுத்திய பெண் உதவி ஆய்வாளரிடம், விடுங்கள் என்று ராஜீவே சைகை காட்டியதாக அந்த அதிகாரி சொல்லியிருக்கிறார். அப்புறம் வழக்கின் தலைமைப் புலனாய்வு அதிகாரியாக இருந்த ரகோத்தமன், அன்றைய காணொளி நாடா ஒன்று மறைக்கப்பட்டது என்று பின்னாளில் குற்றம்சாட்டினார். இது லேசான விஷயமில்லை. ஆனால் அந்த நாடா இருந்தால் எதைச் சொல்லும்? தனு யாருடைய துணையோடு, எவ்வளவு நேரம் முன்னதாக அந்த இடத்துக்குள் நின்றார் என்பதைச் சொல்லும். யார் அனுப்பியது என்பதைச் சொல்லாது. தங்கள் சொதப்பலை மறைத்தவர்களைக் கொலைக்கு உடந்தை என்று எழுதுவது ஒரு படி தாண்டிக் குதிப்பது. பெங்களூரு கோணனகுண்டேயில் சிவராசன் பதுங்கியிருந்த வீட்டைச் சுற்றி வளைத்துவிட்டு உடனே உள்ளே போகாமல் அவரைச் சாகவிட்டார்கள் என்பதும் இதே ரகம்.

கடைசியாக, சித்தப்பா பக்கம் நான் சாயும் இடம்: தெரிந்தே உதவியது யார்?

1998 ஜனவரியில் பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடாவின் கீழ் அமைந்த பூந்தமல்லி நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு என்றது. 1999 மே 11-ல் உச்ச நீதிமன்றம் 19 பேரைக் கொலைச் சதியிலிருந்து விடுவித்தது. நான்கு பேருக்குத் தூக்கை உறுதி செய்தது, மூன்று பேருக்கு ஆயுள். அதே சாட்சியங்கள், அதே ஆவணங்கள். 26 ஏழானது. இது தடாச் சட்டத்தின்படி பயங்கரவாதச் செயல் அல்ல என்றும் அதே தீர்ப்பு சொன்னது. ஆனால் தடாவின்படி காவல் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலங்களை மட்டும் செல்லும் என்று வைத்துக்கொண்டது. சாதாரண வழக்கில் காவல் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் வெற்றுக் காகிதத்துக்குச் சமம்.

அந்த ஏழு பேரில் ஒருவரான பேரறிவாளனின் பேட்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். 19 வயதுப் பையன் 9 வோல்ட் பேட்டரி இரண்டு வாங்கிக் கொடுத்தார். எதற்கென்று தெரிந்து வாங்கினாரா? எல்லாம் அந்த ஒரு கேள்வியில் தொங்குகிறது. வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரியே, எதற்கென்று தெரியாது என்று அவர் சொன்ன பகுதியைத் தான் எழுதவில்லை என்று 2013-ல் வெளிப்படையாகச் சொன்னார், பிறகு உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரமும் கொடுத்தார். மே 7-ஆம் தேதி சிவராசன் அனுப்பிய வயர்லெஸ் செய்தியோ, எங்கள் மூன்று பேரைத் தவிர நோக்கம் வேறு யாருக்கும் தெரியாது என்கிறது. அதற்குப் பிந்தைய இரண்டு வாரத்தில் தெரிந்திருக்கலாமே என்று வாதாடலாம்தான். வாதாடலாம் என்பதை வைத்துத் தூக்குக் கயிறு மாட்டலாமா?

அரசுத் தரப்பு செய்ததாக ஆரம்பத்தில் சொன்னது இதைத்தான். கேமராவும் தடயவியலும் கொடுத்த உறுதியைக் கடனாக வாங்கி, வாக்குமூலங்களின் மேல் பூசினார்கள். சதிக்கதைக்காரர்கள் வாக்குமூலத்தின் ஓட்டையைக் காட்டிக் கேமராவையும் பொய் என்கிறார்கள்.

2022-ல் மே மாதம் பேரறிவாளனும் நவம்பரில் மற்ற ஆறு பேரும் வெளியே வந்தபோது, "பாத்தியா, விடுதலை பண்ணிட்டாங்க, நிரபராதின்னு கோர்ட்டே சொல்லிடுச்சு" என்றார் சித்தப்பா. குழப்பம் அவருடையது மட்டுமல்ல. தமிழில் குற்றமற்றவர் என்று விடுவதும் விடுதலைதான், தண்டனையை முடித்து அனுப்புவதும் விடுதலைதான். நடந்தது இரண்டாவது, அரசியல் சாசனத்தின் 142-ஆவது பிரிவின் கீழ். 1999 தீர்ப்பு அப்படியே நிற்கிறது.

பெரியப்பா இதைக் கேட்டுச் சிரித்தார். "அப்போ யார் அனுப்பினதுங்கறதுல நீ தீர்ப்புப் பக்கம், யார் உதவினதுங்கறதுல இவன் பக்கம். என் பக்கம் எதுல?"

"ஒன்னுல இருக்கேன் பெரியப்பா. பிரபாகரன், பொட்டு அம்மான் மேல இருந்த வழக்கை, 2009-ல செத்துட்டாங்கன்னு முடிச்சுக்கிட்டாங்க. அனுப்பினவங்கன்னு சொல்லப்பட்டவங்களை ஒரு கோர்ட்டும் நிக்க வச்சு விசாரிக்கல. அவங்களுக்கு மேல யாராவது இருந்தாங்களான்னு அவங்ககிட்ட கேக்கவும் முடியல."

"அதைத்தானே நான் சொல்றேன்" என்றார்.

"இல்ல, நீங்க இருந்தாங்கன்னு சொல்றீங்க."

பெரியம்மா மூன்றாவது முறை காபியைச் சுட வைக்கப் போனார்.